பதினாலாம் லூயியின் ராஜ்யபாரம்

நம்பத்தகுந்த ஆதாரங்களைக்கொண்டு கணக்கிடக்கூடிய அரசாட்சிகளுள் மிக நீண்டது எது என்று கேட்டால், பிரான்ஸ் தேசத்துப் பதினாலாம் லூயியின் பெயரைத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. 1643-ஆம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி, ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தையாக அவர் அரசுரிமை பெற்றார். 1715-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் முதல் தேதி, 77 வயது நிறைவதற்கு நான்கு தினங்கள் இருக்கையில், அரசராகவே கண்ணை மூடினார். இடைப்பட்ட காலம் 72 வருஷங்களும் சில மாதங்களும். அவர் பட்டத்துக்கு வந்தபொழுது இங்கிலாந்தில் முதலாம் சார்ல்ஸ் தன் பார்லிமெண்டோடு யுத்தம் செய்துகொண்டிருந்தான். அவன் சிரச்சேதம் செய்யப்பட்டதும், கிராம்வெல்லின் குடியரசு தோன்றி மறைந்ததும், மறுபடியும் முடியாட்சி திரும்பியதும், இரண்டாம் ஜேம்ஸ் தேசத்தை விட்டு ஓடியதும், வில்லியமும் அவனுக்குப் பின் ஆன் ராணியும் ஆண்டு முடித்ததும், ஜெர்மனியிலிருந்து ஜார்ஜ் வந்து முடி சூடியதும் ஆகிய அத்தனையும் இந்த ஒருவருடைய ஆட்சிக்குள் அடங்கிவிட்டன.

‘நானே ராஜ்யம்’ என்று அவர் சொன்னதாக ஒரு வாக்கியம் உலகமெங்கும் வழங்குகிறது. அதை அவர் சொன்னார் என்பதற்குச் சரியான ஆதாரம் எதுவும் கிடையாது. மரணப் படுக்கையில், தாம் போவதாகவும் ராஜ்யம் என்றும் நிலைத்திருக்கும் என்றும் அவர் கூறியதாக அருகிலிருந்தோர் எழுதிவைத்திருக்கிறார்கள். இது முன்னதற்கு நேர் எதிரான கருத்து. ஆனாலும் பொய்யான வாக்கியம்தான் பள்ளிக்கூடப் புஸ்தகங்களில் குடியேறிவிட்டது. நிரங்குச முடியாட்சி என்றவுடன், மன்னன் நினைத்ததெல்லாம் நடக்கும், அவன் விரலசைத்தால் தேசம் அசையும் என்ற ஒரு சித்திரம் நம் மனத்தில் எழுகிறதல்லவா, அந்தச் சித்திரத்துக்கு அந்த வாக்கியம் பொருத்தமாக இருப்பதே இதற்குக் காரணம் போலும். லூயியின் ஆட்சியை நெருங்கிப் பார்க்கிறவர்களுக்கோ வேறொன்று புலப்படும். அவர் பெற்ற கீழ்ப்படிதல், பெரும்பாலும் விலை கொடுத்து வாங்கிய கீழ்ப்படிதல். வாங்கியவர் அரசர், விற்றவர்கள் பிரபுக்களும் மதகுருமார்களும் உத்தியோகஸ்தர்களும், விலையைச் செலுத்தியவர்கள் இந்தப் பேரத்தில் எந்தப் பங்கும் இல்லாத உழவர்கள்.

அவர் பிறந்ததே ஓர் அற்புதமாகக் கருதப்பட்டது. தந்தை பதின்மூன்றாம் லூயிக்கும் தாய் அன்னாவுக்கும் விவாகமாகி 23 வருஷம் கழிந்த பிறகு, இனி வாரிசு இல்லை என்று எல்லோரும் தீர்மானித்துவிட்ட சமயத்தில், 1638-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி பிறந்த குழந்தையாதலால், ‘கடவுள் தந்தவன்’ என்றே அதற்கு ஒரு பெயரும் சூட்டினார்கள். தந்தை இறந்தபின் ராஜப் பிரதிநிதியாக அமர்ந்த அன்னா, இத்தாலியில் பிறந்து பிரான்ஸில் உயர்ந்த கார்டினல் மாஸரேன் என்ற மந்திரியிடம் சகல பொறுப்பையும் ஒப்படைத்தாள். ஸ்பெயினோடு நீண்ட யுத்தம். அதற்காக வரிமேல் வரி. வரிகளை விதிக்கிறவனோ அந்நியன். 1648-இல் கலகம் வெடித்தது.

கலகத்தை முதலில் தொடங்கியது பாரிஸ் நகரத்துப் பார்லமா. பெயரைக் கேட்டு, இதை இங்கிலாந்துப் பார்லிமெண்டைப் போன்ற ஜனப் பிரதிநிதி சபை என்று எண்ணிவிடக் கூடாது. இது ஓர் உயர் நீதிஸ்தலம். அரசருடைய சாசனங்களைத் தன் ஏட்டில் பதிவு செய்த பிறகே அவை அமலுக்கு வரும் என்பதும், பதிவு செய்வதற்கு முன் தன் ஆட்சேபங்களை எழுதி அரசருக்குத் தெரிவிக்கலாம் என்பதும் அதன் பழம் பாத்தியதைகள். நீதிபதிகள் மூட்டிய தீயில் பிரபுக்களும் அரச வமிசத்து இளவரசர்களும் குளிர் காய வந்தார்கள். 1649-ஆம் வருஷம் ஜனவரி மாதத்து ஓர் இரவில், பத்து வயதுச் சிறுவனான அரசனை எழுப்பி இரகசியமாகப் பாரிஸை விட்டு வெளியேற்ற நேர்ந்தது. போய்ச் சேர்ந்த ஸேன்-ஜெர்மேன் அரண்மனையில் போதிய படுக்கைகூட இல்லாமல் பரிவாரத்தார் வைக்கோலில் படுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, அரசன் மறுபடி ஓடிவிட்டான் என்ற வதந்தியைக் கேட்டுக் கொதித்த பாரிஸ் ஜனங்கள் நள்ளிரவில் அரண்மனைக்குள் புகுந்தபொழுது, தாய் கதவைத் திறந்து விட, அவர்கள் வரிசையாக வந்து பையனின் கட்டிலைச் சுற்றி நின்று பார்த்துப் போனார்கள். பையன் உறங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். அன்று அவன் மனத்தில் என்ன ஓடியது என்பதை யாரும் அறியார். பிற்காலத்தில் பாரிஸில் வசிப்பதை அவர் விரும்பாததும், பெரும் பிரபுக்களைத் தம் கண்பார்வையிலேயே வைத்துக்கொண்டதும் மட்டும் எல்லோரும் அறிந்தவை.

1653-இல் கலகம் அடங்கிற்று. அதே வருஷம், பதினான்கு வயது நிரம்பிய அரசன், இரவு முழுவதும் நடந்த ஒரு நாட்டிய நாடகத்தில் உதய சூரியனாகப் பொன்னாடை உடுத்தி ஆடினான். ‘சூரிய ராஜன்’ என்ற பெயருக்கு அடிகோலியது அந்த வேஷந்தான் என்று சொல்லலாம். அவர் நல்ல நர்த்தகர். பல வருஷம் அரங்கேறி ஆடியிருக்கிறார். பிற்பாடு அரங்கத்தை விட்டு இறங்கினாரே தவிர, ஆட்டத்தை விட்டாரில்லை.

1661-ஆம் வருஷம் மார்ச் மாதம் மாஸரேன் இறந்தான். அடுத்த பிரதம மந்திரி யார் என்று அரண்மனையெல்லாம் ஊகித்துக்கொண்டிருக்க, இருபத்திரண்டு வயது அரசர் மந்திரிகளை அழைத்து, இனிப் பிரதம மந்திரி என்று எவரும் இல்லை, எந்தக் காகிதமும் தம் உத்தரவில்லாமல் முத்திரையிடப்படக் கூடாது என்று அறிவித்தார். சில மாதத்தில் சலித்துப்போய்விடும் என்று அனுபவசாலிகள் புன்னகை புரிந்தார்கள். ஐம்பத்து நான்கு வருஷம் சலிக்கவில்லை. தம் தாயையும் தம்பியையும் அரச வமிசத்துக் கோமகன்களையும் ஆலோசனைச் சபையிலிருந்து விலக்கிவிட்டு, தம்மைத் தவிர வேறு பற்றுக்கோடு இல்லாத நடுத்தரக் குடும்பத்தவர்களை மந்திரிகளாக அமர்த்திக்கொண்டார். ரேம்ஸ் நகரத்து வியாபாரக் குடும்பத்தில் பிறந்த கொல்பேர் அவர்களில் முதல்வர்.

ஆரம்பத்திலேயே ஒருவனுக்குப் பாடம் கற்பிக்க வேண்டியிருந்தது. பொக்கிஷ அதிகாரியான நிக்கோலா ஃபூக்கே, வோ-லெ-விகோம்த் என்னுமிடத்தில் தான் கட்டிய மாளிகைக்கு 1661 ஆகஸ்ட் 17-ந் தேதி அரசரை அழைத்துப் பெரிய விருந்தளித்தான். மோலியேர் புதிய நாடகம் ஒன்றை அங்கே நடித்துக் காட்டினார். வாணவேடிக்கை விண்ணைத் தொட்டது. மூன்றே வாரத்தில், தார்த்தாஞான் என்ற படைத்தலைவன் (தூமாவின் நாவல் படித்தவர்களுக்குப் பழக்கமான பெயர்; நிஜ மனிதனேதான்) நாந்த் நகரில் ஃபூக்கேயைக் கைது செய்தான். விருந்தின் ஆடம்பரத்தைக் கண்டு அரசருக்குப் பொறாமை மூண்டது என்பது கதை. கைது செய்வதென்ற முடிவு விருந்துக்கு முன்பே செய்யப்பட்டுவிட்டது. விசாரணை மூன்று வருஷம் நடந்தது. நீதிபதிகள் தேசப் பிரஷ்டம் விதித்தார்கள். மன்னர்கள் தண்டனையைக் குறைப்பதுதான் வழக்கமாயிருக்க, லூயி அதை ஆயுள் சிறையாக உயர்த்தினார். ஃபூக்கே 1680-இல் சிறையிலேயே இறந்தான். அவன் மாளிகையைச் சமைத்த சிற்பி லெ வோவும், ஓவியர் லெ ப்ரேனும், உத்தியான நிபுணர் லெ நோத்ரும் அரசருடைய பணிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கைவண்ணந்தான் வெர்சாய்.

வெர்சாய் ஒரு வேட்டை மாளிகையாக இருந்தது. சுற்றிலும் சதுப்பு நிலம். அதை அரண்மனையாக்க லூயி தம் ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். 1682-ஆம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி அரசவையும் மந்திராலோசனைச் சபையும் நிரந்தரமாக அங்கே குடிபெயர்ந்தன. அப்பொழுதும் கட்டடவேலை முடியவில்லை, பிரபுக்கள் சாரத்தையும் சுண்ணாம்புப் புழுதியையும் கடந்துதான் அரசரைத் தரிசிக்கச் சென்றார்கள். 73 மீட்டர் நீளமுள்ள கண்ணாடி மண்டபத்தில் 357 நிலைக்கண்ணாடிகள். அந்நாளில் பெரிய கண்ணாடி செய்யும் வித்தை வெனிஸ் நகரத்தாரின் ஏகபோகம். அந்த வித்தை தெரிந்த தொழிலாளிகளைக் கொல்பேர் பணம் காட்டி இரகசியமாக வரவழைத்தார். வெர்சாயில் குறை ஒன்றே ஒன்று: தண்ணீர் இல்லை. நூற்றுக்கணக்கான நீரூற்றுகளை அமைத்துவிட்டு, அவற்றை ஒருங்கே பாயவிடப் போதிய நீரில்லாமல், அரசர் உலாவ வரும்பொழுது பணியாட்கள் சீழ்க்கையடித்து ஒருவருக்கொருவர் அறிவித்து, அவர் அணுகும் ஊற்றைத் திறப்பதும் அவர் கடந்ததும் மூடுவதுமாயிருந்தார்கள். ஸேன் நதியிலிருந்து நீரை மேலேற்ற மார்லியில் பதினான்கு பிரம்மாண்டமான சக்கரங்களைக் கொண்ட யந்திரத்தை நிறுவியும் போதவில்லை. ‘ஊர்’ என்னும் பெயருள்ள நதியைத் திருப்பிக்கொண்டுவர 1685-இல் ஆயிரக்கணக்கான போர்வீரர்களை மண் வெட்ட ஏவினார்கள். காய்ச்சலில் பலர் மடிந்தார்கள். 1688-இல் யுத்தம் வந்து வேலை நின்றது, பின்பு தொடங்கவேயில்லை. அந்தக் கால்வாய்ப் பாலத்தின் வளைவுகள் மேந்த்நோன் கிராமத்தில் இன்றும் நிற்கின்றன. அரசரின் ஆணை மலையையும் நகர்த்தும் என்று புகழ்ந்த புலவர்கள் அந்தப் பக்கம் போனதாகத் தெரியவில்லை.

அரண்மனையின் உண்மையான பெருமை கல்லிலும் கண்ணாடியிலும் இல்லை. அங்கே நடந்த நித்திய அனுஷ்டானத்தில் இருந்தது. காலையில் சுமார் எட்டு மணிக்கு, கட்டிலின் அடியில் உறங்கிய முதல் பணியாளன் அரசரை எழுப்புவான். வைத்தியர்கள் வருவார்கள். பிறகு, அந்தஸ்துக்கு ஏற்றபடி பிரிக்கப்பட்ட பிரவேச உரிமைகளின் வரிசைப்படி, முதலில் சிலர், பின்னர் சிலர், கடைசியில் அறை கொள்ளாத கூட்டம். ஒருவர் சட்டையின் வலக் கையைப் பிடிப்பார், மற்றொருவர் இடக் கையைப் பிடிப்பார். சட்டையை நீட்டும் பாக்கியம் அரச வமிசத்தவருக்கே உரியது. இரவில் அரசர் சயனிக்கப் போகும்பொழுது மெழுகுவர்த்தித் தட்டை ஏந்தும் கௌரவத்தை யாருக்குத் தருவது என்று அவர் ஒரு பெயரைச் சொல்லுவார். அந்தப் பெயருக்குரியவர் நாட்டின் பெரும் ஜமீன்களுக்கு அதிபதியாயிருந்தாலும் அன்றிரவு ஆனந்தத்தால் உறங்கமாட்டார். ராணியின் முன்னிலையில், முதுகு சாயாத சிறு முக்காலியில் உட்காரும் உரிமை கோமகன்களின் மனைவியருக்கு உண்டு, மற்றப் பெண்மணிகளுக்கு இல்லை. அந்த முக்காலிக்காகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வழக்காடின. நம்முடைய கோயில்களில் திருப்பள்ளியெழுச்சி முதல் அர்த்தஜாமம் வரை ஒவ்வொரு கைங்கரியமும் இன்னாருக்கு மிராசு என்று இருந்ததையும், அந்த மிராசுகள் கைமாறியதையும் அறிந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது; வெர்சாயிலும் உத்தியோகங்கள் பணம் கொடுத்து வாங்கப்பட்டன, விற்கப்பட்டன, பிள்ளைக்குப் பிதிரார்ஜிதமாகச் சேர்ந்தன.

இதைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் முப்பது வருஷத்துக்கு முன் இதே பிரபுக்களின் தந்தைமார் பீரங்கியோடு அரசனை எதிர்த்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வெர்சாயில் இருந்தால்தான் மானியம், சேனைப் பதவி, மகளுக்கு நல்ல சம்பந்தம், கடனுக்குப் பரிகாரம். தன் கிராமத்துக் கோட்டையில் உட்கார்ந்திருப்பவனுக்காக எவரேனும் பரிந்துரைத்தால், அந்த ஆசாமியைத் தாம் பார்த்ததே இல்லையென்று அரசர் சொல்லிவிடுவார். அங்கே நடந்தவற்றை நுணுக்கமாக எழுதிவைத்த ஸேன்-ஸிமோன் கோமகனுக்கு அரசரிடம் அளவற்ற கசப்பு. எனினும் அவரும் வெர்சாயை விட்டுப் போகவில்லை. அவர் நினைவுக் குறிப்புகளில் யார் யாருக்கு முன் நடந்தார்கள் என்பது பற்றிய ஆத்திரம் பக்கம் பக்கமாக விரிவதைக் காணும்பொழுது, லூயியின் உபாயம் எவ்வளவு ஆழமாக வேலைசெய்தது என்பது விளங்கும்.

அந்த உபாயத்தின் முதல் கைதி அரசர்தாம். ஒருநாளும் தனிமை இல்லை. எழுவதும் உண்பதும் நோயுறுவதும் பகிரங்கம். 1686-ஆம் வருஷம் நவம்பர் 18-ந் தேதி அவருக்கு மூலத்துவாரத்தருகே உண்டான பவுத்திர நோய்க்கு ஃபெலிக்ஸ் என்ற ரணவைத்தியர், மயக்க மருந்து என்பதே அறியப்படாத அக்காலத்தில், கத்தி வைத்தார். அதற்குமுன் பல மாதங்கள் ஏழை நோயாளிகளின்மேல் அவர் கைப்பழக்கம் செய்துகொண்டார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அரசர் முனகவில்லை என்று சொல்லுகிறார்கள். படுக்கையிலிருந்தபடியே ராஜ்ய காரியங்களைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார். நற்பெயரோ கெட்டபெயரோ எதைச் சொன்னாலும், லூயியைச் சோம்பேறி என்று எந்தப் பகைவனும் சொன்னதில்லை.

மாகாணங்களில் அவருடைய கையாகவும் கண்ணாகவும் இருந்தவர்கள் ‘அந்தாந்தான்’ எனப்பட்ட நிர்வாக அதிகாரிகள். வரி, நீதி, போலீஸ் மூன்றையும் மேற்பார்த்து நேரே மந்திரிகளுக்கு எழுதியவர்கள். பார்லமாவின் வாயையும் அவர் கட்டினார்: 1673-இல் பிறப்பித்த சாசனத்தால், முதலில் பதிவு செய், பிறகு ஆட்சேபம் சொல் என்று முறையைத் தலைகீழாக்கினார். வெளிப்பார்வைக்கு இது முழு அதிகாரந்தான். ஆனால் ஓர் எல்லையை அவர் தொடவில்லை. ‘தாய்’ என்ற நேர்வரியிலிருந்து பிரபுக்களுக்கு விலக்கு. மதகுருமார்கள் வரியே கட்டாமல் ‘இஷ்ட நன்கொடை’ என்ற பெயரால் தாங்களாகத் தீர்மானித்த தொகையைக் கொடுப்பார்கள். விலைக்கு வாங்கிய பதவியில் இருக்கிறவர்களுக்கும் விதவிதமான விலக்குகள். 1695-இல் தலைவரியையும் 1710-இல் பத்தில் ஒரு பங்கு வரியையும் சகலர்மீதும் விதிக்க முயன்றார் என்பது மெய். சலுகை பெற்றோர் மொத்தத் தொகையாக ஏதோ கொடுத்தும், செல்வாக்கைக்கொண்டு குறைத்துக்கொண்டும் தப்பினார்கள். பணத்துக்குத் தவித்தபொழுதெல்லாம் புதிய உத்தியோகங்களைச் சிருஷ்டித்து விற்பதும், பிரபுப் பட்டங்களையே விலை கூறுவதும்தான் வழியாயிற்று. அரசர் ஒரு பதவியைப் படைத்தால் அதை வாங்கக் கடவுள் ஒரு முட்டாளைப் படைத்துவிடுகிறார் என்று நிதிமந்திரி போன்ஷார்த்ரேன் வேடிக்கையாகச் சொன்னதாகக் கூறுவார்கள். வேடிக்கையின் மறுபுறத்தை அவர் சொல்லவில்லை: பட்டம் வாங்கிய ஒவ்வொருவனும் வரிப்பட்டியலிலிருந்து நீங்கினான், அவன் பங்கு அண்டையிலிருந்த உழவன் தலையில் ஏறிற்று.

கொல்பேருடைய இருபது வருஷங்களைப் பற்றி இங்கே நல்ல வார்த்தை சொல்லாமல் போவது நியாயமன்று. கோபலேன் சித்திரக் கம்பளச் சாலை, விஞ்ஞானப் பரிஷத், பாரிஸ் வானசாஸ்திரக் கூடம், மத்தியதரைக் கடலையும் அட்லாண்டிக்கை நோக்கி ஓடும் கரோன் நதியையும் இணைத்த 240 கிலோமீட்டர் தென்பிரான்ஸ் கால்வாய் ஆகியவை அவர் காலத்தவை. அந்த வானசாஸ்திரக் கூடத்தில் இருந்துதான் 1676-இல் ரோமர் என்ற டென்மார்க் தேசத்தவர், வியாழனின் உபகிரகத்தைக் கவனித்து, ஒளிக்கும் வேகம் உண்டு என்று காட்டினார். நாடகாசிரியர்கள் மோலியேர், ராஸீன், சங்கீத வித்வான் லுல்லி முதலியோரை ஆதரித்ததில் அரசருக்குச் சொந்த ரசனையும் உண்டு. மதவாதிகளின் எதிர்ப்பால் ஐந்து வருஷம் தடைபட்டிருந்த மோலியேரின் ‘தார்த்யூஃப்’ 1669-இல் மேடையேறியது அவருடைய அனுமதியால்தான்.

கொல்பேர் 1664-இல் நிறுவிய கிழக்கிந்தியக் கும்பினியின் வழியே இந்த ஆட்சியின் நிழல் நம் கடற்கரையிலும் விழுந்தது. மூலதனமாகக் குறித்த 150 லட்சம் லிவ்ரில் 30 லட்சத்தை அரசரே கொடுத்தார். வியாபாரிகளோ தயங்கித் தயங்கித்தான் பங்கெடுத்தார்கள். 1668-இல் சூரத்தில் முதல் பண்டகசாலை திறக்கப்பட்டது. 1672-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா ஹே சாந்தோமைக் கோல்கொண்டாவிடமிருந்து பிடித்து, கோல்கொண்டாப் படையும் டச்சுக்காரரும் சேர்ந்து வளைத்துக்கொண்டதால் 1674-இல் விட்டுவிட்டார். அந்தத் தோல்வியில் மிஞ்சியவர்களுள் ஒருவரான பிரான்ஸுவா மார்த்தேன், பிஜாப்பூர் சுல்தானின் பிரதிநிதியான ஷேர்கான் லோடி அளித்த இடத்தில் ஒருசிலரோடு தங்கிப் புதுச்சேரியை வளர்த்தார். 1693-இல் டச்சுக்காரர் அதைப் பறித்தபொழுது வெர்சாயிலிருந்து உதவி எதுவும் வரவில்லை. 1697-இல் ரிஸ்விக் என்னும் ஊரில் ஐரோப்பிய அரசர்கள் கையெழுத்திட்ட சமாதானத்தின் ஒரு ஷரத்தாக ஊர் திரும்பக் கிடைத்தது. 1699-இல் மறுபடி பொறுப்பேற்ற மார்த்தேன் கட்டிய கோட்டை, லூயி என்ற பெயரையே தாங்கிற்று.

யுத்தங்களை வரிசையாகச் சொல்லிப் பயனில்லை. சொந்த ஆட்சியின் ஐம்பத்து நான்கு வருஷங்களில் முப்பதுக்குமேல் போரில் கழிந்தன. 1667-இல் ஸ்பானிய நெதர்லாந்து. 1672-இல் ஹாலந்து (டச்சுக்காரர் அணைக்கரைகளை உடைத்துத் தங்கள் நிலத்தையே வெள்ளத்தில் மூழ்கடித்துத் தப்பினார்கள்). 1681-இல் யுத்தமில்லாமலே ஸ்ட்ராஸ்பூர். 1689-இல் ரைன் நதிப் பிரதேசத்தில் ஹைடல்பர்க், மான்ஹைம், ஸ்பையர், வோர்ம்ஸ் நகரங்களுக்குத் தீ. போர்மந்திரி லூவ்வா சேர்த்த சேனை ஏட்டுக்கணக்கில் நான்கு லட்சத்தை எட்டிற்று. எல்லையெங்கும் வோபான் என்ற தலைசிறந்த பொறியியல் வல்லுநர் கோட்டைகளைக் கட்டினார். ஆரம்ப வெற்றிகள் ஐரோப்பா முழுவதையும் அவருக்கு எதிராக ஒன்றுசேர்த்தன என்பதே பின்னைய தோல்விகளின் சுருக்கம்.

1685-ஆம் வருஷத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசவேண்டும். அவருடைய பாட்டனார் நான்காம் ஹென்றி 1598-இல் நாந்த் சாசனத்தின் மூலம் பிராடெஸ்டெண்டு மதத்தவர்க்கு வழிபாட்டுரிமை வழங்கியிருந்தார். லூயி முதலில் அதை எழுத்துக்கெழுத்து இறுக்கமாக வியாக்கியானம் செய்து குறுக்கினார். பின்னர் அவர்கள் வீடுகளில் குதிரைப்படையினரைத் தங்கவைத்து, மதம் மாறும் வரை அந்த முரடர்களின் அட்டகாசத்தைச் சகிக்கும்படி விட்டார். இறுதியில், ஏராளமானோர் மாறிவிட்டார்கள் என்ற அதிகாரிகளின் பட்டியலை நம்பி, இனிச் சாசனத்துக்கே அவசியமில்லை என்று அக்டோபர் மாதம் ரத்து செய்தார். போதகர்களுக்குப் பதினைந்து நாளில் நாடு கடக்க உத்தரவு. சாதாரண ஜனங்கள் வெளியேறினால் ஆண்களுக்குக் கப்பல் துடுப்புத் தண்டனை, பெண்களுக்குச் சிறை. அப்படியிருந்தும் சுமார் இரண்டு லட்சம் பேர் இருட்டில் எல்லை கடந்தார்கள். பட்டு நெசவாளர்கள் லண்டனுக்கும், கடிகாரத் தொழிலாளிகளும் வியாபாரிகளும் ஜெனீவாவுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும், பலவிதத் தொழில் தெரிந்தவர்கள் பெர்லினுக்கும், சிலர் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கும் சென்றார்கள். இதனால் அரசர் பகைவர்களின் பட்டறைகளையும் படைகளையும் பலப்படுத்தினார் என்று எடுத்துக்காட்டி, அவர்களைத் திரும்ப அழைக்கும்படி வோபான் துணிந்து ஒரு விண்ணப்பம் எழுதினார்; பலனில்லை. தேசமோ அன்று அரசரைக் கொண்டாடிற்று. ராஸீன் போன்ற கவிகள் இருந்த சபையில் ஒரு குரல்கூட வெளிப்படையாக மறுத்துப் பேசவில்லை. அதே வருஷத்தில்தான் கரிபியன் தீவுகளில் நீக்ரோ அடிமைகளை உடைமைப் பொருளாக வகுக்கும் ‘கறுப்புச் சட்டமும்’ அவர் பெயரால் வெளிவந்தது. ஒரே மையில் எழுதிய இவ்விரண்டு சாசனங்களையும் மன்னிக்கும் மனம் எனக்கு இல்லை.

அதன்பின் இறங்குமுகந்தான். 1689-இல் வெர்சாயின் வெள்ளி மேஜைகளும் விளக்குத் தண்டுகளும் யுத்தச் செலவுக்காக உருக்கப்பட்டன. 1693-94-இல் மழை பயிரை அழிக்க, பஞ்சமும் அதைத் தொடர்ந்த கொள்ளைநோயும், ஏறக்குறைய இரண்டு கோடி ஜனத்தொகையுள்ள நாட்டில் சுமார் 13 லட்சம் பேரைக் கொண்டுபோயின. 1700-இல் ஸ்பெயின் அரசன் வாரிசின்றி இறந்து, தன் ராஜ்யம் முழுவதையும் லூயியின் பேரன் ஃபிலிப்புக்கு எழுதிவைத்தான். அந்த உயிலை ஏற்றதால் பன்னிரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட யுத்தம். 1704-இல் பிளென்ஹைமில் ஆங்கிலத் தளபதி மார்ல்பரோவும் ஆஸ்திரியத் தளபதி யூஜீன் இளவரசரும் பிரெஞ்சுச் சேனையை முறியடித்தார்கள். 1709 ஜனவரியில் வந்த குளிரில் நதிகள் உறைந்தன, விதைத்த தானியம் மண்ணிலேயே செத்தது, ஒலிவ மரங்கள் பிளந்தன. அரசர் சமாதானம் கேட்டார். எதிரிகள் விதித்த நிபந்தனை, பேரனை ஸ்பெயினிலிருந்து துரத்த அவரே உதவவேண்டும் என்பது. அப்பொழுது அவர் அதுகாறும் செய்யாத ஒன்றைச் செய்தார். ஏன் சமாதானம் கைகூடவில்லை என்பதை விளக்கி மாகாணத் தலைவர்களுக்கும் மேற்றிராணிமார்களுக்கும் கடிதம் எழுதி, அதைக் கோயில்தோறும் ஜனங்களுக்கு வாசிக்கச் செய்தார். யாரிடமும் காரணம் சொல்லாமல் ஆண்ட ஒருவர் தம் பிரஜைகளிடம் காரணம் சொல்லிய அந்தக் கடிதம், வெர்சாயின் கண்ணாடிகளைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 1713-இல் யூட்ரெக்டில் உடன்படிக்கை ஆயிற்று. பேரன் ஸ்பெயினை வைத்துக்கொண்டான், அமெரிக்காவில் சில பிரதேசங்கள் இங்கிலாந்துக்குப் போயின.

இதற்கு நடுவே வோபான், நாடெங்கும் சுற்றித் தாம் கண்ட வறுமையைக் கணக்கிட்டு, விலக்கு எவருக்கும் இல்லாமல் எல்லோரும் வருமானத்தில் ஒரு பங்கைச் செலுத்தும் வரித்திட்டம் ஒன்றை நூலாக்கி 1707-இல் அனுமதியின்றி அச்சிட்டார். நூல் தடைசெய்யப்பட்டது, சில வாரங்களில் கிழவர் இறந்தார். ஐம்பது வருஷம் எல்லையைக் காத்தவருடைய யோசனையை அரசர் ஏற்க முடியாததற்குக் காரணம் கோபமன்று. அதை ஏற்றிருந்தால், வெர்சாயில் மெழுகுவர்த்தி ஏந்திய ஒவ்வொரு கையும் அவருக்கு எதிராக எழுந்திருக்கும்.

குடும்பத்திலும் இடி விழுந்தது. 1711-இல் மகன் அம்மையில் இறந்தான். 1712 பிப்ரவரியில் மூத்த பேரனும் அவன் மனைவியும் ஆறு நாள் இடைவெளியில் தட்டம்மைக்கு இரையானார்கள். மார்ச்சில் மூத்த கொள்ளுப்பேரன். எஞ்சிய இரண்டு வயதுக் குழந்தையை, இரத்தம் வாங்கியே கொல்லும் வைத்தியர்களிடம் ஒப்படைக்க மறுத்து, வான்ததூர் சீமாட்டி என்ற வளர்ப்புத்தாய் காப்பாற்றினாள். 1715 ஆகஸ்டில் அரசருடைய காலில் வலி கண்டது. வெறும் நரம்புவலி என்றார் வைத்தியர் ஃபகோன். அது கால் அழுகலாக முற்றிற்று. 26-ந் தேதி அந்தக் கொள்ளுப்பேரனை அழைத்து, கட்டடங்களிலும் யுத்தத்திலும் தமக்கிருந்த மோகத்தைப் பின்பற்றாதே, ஜனங்களின் பாரத்தைக் குறை என்று புத்தி சொன்னார். செப்டம்பர் முதல் தேதி காலையில் உயிர் பிரிந்தது. கடன் 200 கோடி லிவ்ருக்கு மேல். ஸேன்-தெனி தேவாலயத்துக்குச் சவ ஊர்வலம் சென்ற வழியில் ஜனங்கள் குடித்துப் பாடினார்கள்.

அவர் ஓர் உயில் எழுதிவைத்திருந்தார். பதினைந்தாம் லூயியாகப் பட்டமேறும் அந்தப் பாலகனுடைய வளர்ப்பையும் மெய்க்காவலையும் தமக்கு ஆசைநாயகி மோந்தஸ்பான் சீமாட்டியிடம் பிறந்த மேன் கோமகனுக்கு அளித்து, ராஜப் பிரதிநிதியாக வரவேண்டிய தம்பி மகன் ஓர்லேயான் கோமகனின் அதிகாரத்தை ஒரு சபையைக்கொண்டு கட்டுப்படுத்தும் அந்த உயிலை, 1714-இல், பாரிஸ் நீதிமாளிகையின் கோபுரச் சுவரில் குடைந்த பொந்தில் வைத்து, இரும்புக் கதவிட்டு, மூன்று சாவிகளை மூவரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் இறந்த மறுநாள், செப்டம்பர் 2-ந் தேதி, பார்லமா கூடிற்று. உயில் வாசிக்கப்பட்டது; அன்றைக்கே அதன் முக்கிய ஷரத்துகள் தள்ளப்பட்டன; ஓர்லேயான் கோமகனுக்கு முழு அதிகாரம் கிடைத்தது. நீதிபதிகள் இந்தச் சகாயத்தை இலவசமாகச் செய்யவில்லை. பதிவு செய்வதற்கு முன்பே ஆட்சேபம் தெரிவிக்கும் பழைய உரிமையை அதே மாதம் 15-ந் தேதி ஓர்லேயான் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். 1749-இல் பதினைந்தாம் லூயியின் மந்திரி மஷோல்த், பிரபுக்களும் மதகுருமார்களும் உட்பட எல்லோர்மீதும் இருபதில் ஒரு பங்கு வரி விதித்தபொழுது, பார்லமா அந்த உரிமையைக்கொண்டுதான் ஆட்சேபம் எழுதிற்று. மூன்று வருஷத்துக்குள் மதகுருமார்கள் விலக்கும் பெற்றுவிட்டார்கள்.